கவிழ்ந்து கிடக்கும் கப்பலுக்கு எவ்வளவு காற்று வேண்டும்?

கேள்வி: ஓப்பன் வாட்டர் என்ற முதற்கட்டச் சுழியோடிச் சான்றிதழ் எடுத்து, 9 தடவை சுழியோடியிருக்கிறேன். ஓகஸ்டில் பாசிக்குடாவில் இரண்டு நாள் நின்றுவிட்டு, இரண்டாம் நாள் இரவே நுவரெலியா போக எண்ணம். அந்தப் பக்கக் கடலடியில் கிடக்கும் ஹெர்மிஸ், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற இரண்டு கப்பலையும் பார்க்கலாமா?

பதில்: ஹெர்மிஸ் இப்போது வேண்டாம். சார்ஜன்டைப் பார்க்கலாம், ஆனால் பயணத் திட்டத்தை மாற்ற வேண்டும்.

இரண்டு கப்பலும் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானக் குண்டுவீச்சில் மூழ்கியவை. ஹெர்மிஸ் விமானந்தாங்கி, அதில் 307 பேர் இறந்தார்கள். அது அவர்களுடைய புதைகுழி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது கிடப்பது ஏறத்தாழ 53 மீற்றரில். அங்கே அழுத்தம் மேற்பரப்பைப்போல 6.3 மடங்கு. கரையில் நிமிடத்துக்கு 20 லீற்றர் காற்று இழுப்பவர் அங்கே 126 லீற்றர் இழுப்பார். வாடகைக்குக் கிடைக்கும் 11.1 லீற்றர் அலுமினியச் சிலிண்டர், 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பியிருந்தாலும், 18 நிமிடம்கூடத் தாங்காது. மேலே வருவதற்கான காற்றை நான் இதில் கழிக்கவேயில்லை. போதாததற்கு நைதரசன் மயக்கம் வேறு: அந்த ஆழத்தில் காற்றிலுள்ள நைதரசனே போதைபோல மூளையை மந்தமாக்கும். ஹீலியம் கலந்த காற்றும் அதற்கான தனிப் பயிற்சியும் உள்ளவர்களுக்கான இடம் அது. “ஒருக்கால் தொட்டுவிட்டு வருவோம்” என்று யாராவது கூப்பிட்டால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.

சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல். உடைந்து, தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கிறது; அடி மணல் ஏறத்தாழ 24 மீற்றரில். உங்கள் சான்றிதழின் எல்லை 18 மீற்றர். ஆகவே அந்த இரண்டு நாளையும் அடுத்த கட்டமான அட்வான்ஸ்ட் பயிற்சிக்கே கொடுங்கள். மொத்தம் 5 சுழியோட்டம். கடைசியைச் சார்ஜன்டில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பின்னேரம் காற்று எழும்பிக் கடல் குழம்பிவிடும், விடியவே படகு இறங்கட்டும். படகில் அவசரத்துக்கு ஒட்சிசன் சிலிண்டர் இருக்கிறதா என்று பணம் கட்டுமுன் கண்ணால் பாருங்கள்.

24 மீற்றரில் அதே ஆளுக்கு நிமிடத்துக்கு 68 லீற்றர் போகும். அழுத்தமானியின் முள் நிமிடத்துக்கு 6 பார் இறங்கும். 200இல் தொடங்கினால் 130இல் நங்கூரக் கயிற்றுப் பக்கம் திரும்புங்கள், 100இல் ஏறத் தொடங்குங்கள். கப்பலில் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16 நிமிடம். புதியவர்கள் கூடுதலாக மூச்சிழுப்பார்கள், 12 நிமிடம் என்றே கணக்கு வையுங்கள். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறாமல் வந்து, 5 மீற்றரில் 3 நிமிடம் நில்லுங்கள். அப்போது சிலிண்டர் தொடங்கியதைவிட ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இலேசாகியிருக்கும். மிதக்காமலிருக்கக் கட்டும் ஈயக் கட்டியைக் குறைவாகக் கட்டியவர் அங்கேதான் நிற்கமுடியாமல் மேலே பிய்த்துக்கொண்டு போவார். முதல் நாளே 50 பார் மிச்சமுள்ள சிலிண்டரோடு ஆழமில்லாத இடத்தில் ஈயம் போதுமா என்று பார்த்துவிடுங்கள்.

உள்ளே மட்டும் நுழையாதீர்கள். கவிழ்ந்த கப்பலில் நீங்கள் விடும் குமிழி தலைக்கு மேலுள்ள தகட்டில் முட்டித் துருவை உதிர்க்கும். காலில் மாட்டிய துடுப்பு கீழே வண்டலைக் கிளப்பும். வந்த வாசல் சில நொடிகளில் மறைந்துபோகும். உள்ளே தேங்கி நிற்கும் காற்றையும் நம்பி மூச்சிழுக்கக் கூடாது. இரும்பு துருப்பிடிக்கும்போது அதிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும்.

வெளியே சுற்றும்போது பயப்பட வேண்டியது தங்கூசிக்கு, அதாவது அறுந்து கிடக்கும் தூண்டில் நரம்புக்கு. பாசி படிந்த நரம்பு, தகட்டின் நிறத்திலேயே இருக்கும். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பிடரிக்குப் பின்னால் சிலிண்டர் வால்வில்தான் மாட்டும். இழுபட்டதாக உணர்ந்தால் திரும்பாதீர்கள், திரும்பினால் இன்னும் சுற்றும். அப்படியே நின்று, ஒரு முழம் பின்வாங்கி, டோர்ச்சை ஆட்டிக் கூட்டாளியைக் கூப்பிடுங்கள், அவர் வெட்டட்டும். கத்தியைவிட மழுங்கிய நுனியுள்ள கத்தரி நல்லது, அதையும் கை எட்டும்படி மார்புப் பட்டியில் வையுங்கள்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சுழியோடிய இரவே அங்கே ஏறுவது விமானம் ஏறுவதற்குச் சமம்: உடலில் கரைந்திருக்கும் நைதரசன் குமிழியாகும். 18 மணித்தியாலம் கட்டாயம், முடிந்தால் 24 பொறுங்கள். அதற்கிடையில் மூட்டு நோவு, மரமரப்பு, காரணமில்லாத களைப்பு வந்தால் மலைக்குப் போகாமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போய், சுழியோடியதை முதல் வார்த்தையாகச் சொல்லி ஒட்சிசன் கேளுங்கள்.