மனசு அமைதியாக இருந்தால் அது தேவ சித்தமா?

சகோதரரே, அண்ணனோடு பேச்சை நிறுத்தியதிலிருந்து மனசு அமைதியாக இருக்கிறது, அப்படியென்றால் இது தேவ சித்தம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அமைதியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தேவனுக்குக் கீழ்ப்படியாமல் ஓடிய யோனா புயலிலும் கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து தூங்கினான், பிதாவுக்கு முழுசாகக் கீழ்ப்படிந்த இயேசுவோ சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் வியாகுலப்பட்டார். சண்டை ஓய்ந்தாலே யாருக்கும் மனசு லேசாகிவிடும். ஆனால் மத்தேயு 5:24 முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறது. உங்கள் அண்ணன் அடிப்பவர், மிரட்டுபவர் என்றால் விலகியிருப்பதில் தவறே இல்லை, அது வேறு விஷயம். வெறும் மனக்கசப்புதான் என்றால் யாக்கோபு 1:5 சொல்கிறபடி ஞானத்தைக் கேளுங்கள், அப்புறம் அதே நிருபம் 3:17-ஐ எடுத்து, பரத்திலிருந்து வருகிற ஞானம் எப்படிப்பட்டது என்று படித்து, உங்கள் முடிவை அதோடு வைத்துப் பாருங்கள். பேச மனசு வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே அவரைக் கூப்பிடுங்கள், நானும் ஜெபிக்கிறேன்.