வலிப்புக் குளிசையும் கோர்ட்டிசோல் பரிசோதனையும்

கேள்வி: கொழுந்து பறிக்கும் என் தாயார் பல ஆண்டுகளாக வலிப்புக்குப் பினோபார்பிட்டோன் குளிசை எடுக்கிறார். அண்மையில் அவரது முகம் உருண்டு, வயிற்றில் ஊதாக் கோடுகள் தோன்றின. இரவில் ஒரு குளிசை கொடுத்து, மறுநாள் காலை இரத்தம் எடுத்துப் பார்த்தபோது கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் குறையவில்லை. அது உடலில் மிதமிஞ்சும் குஷிங் நோயாக இருக்கலாம் என்கிறார்கள். வலிப்புக் குளிசைதான் காரணமா? நிறுத்திவிடலாமா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: நிறுத்தவே கூடாது, திடீரென நிறுத்தினால் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் குளிசை குஷிங் நோயை உண்டாக்குவதில்லை, ஆனால் அதைக் கண்டறியும் இந்தப் பரிசோதனையைக் குழப்பக்கூடியது.

இரவு 11 மணியளவில் கொடுக்கப்படுவது 1 மில்லிகிராம் டெக்சாமெதசோன், கோர்ட்டிசோலைப் போன்ற செயற்கை ஸ்டீராய்டு மருந்து. அது கோர்ட்டிசோல் சுரப்பைத் தூண்டும் கபச்சுரப்பியை அடக்குவதால், நலமாக உள்ளவரின் கோர்ட்டிசோல் காலையில் லீற்றருக்கு 50 நனோமோலுக்குக் கீழே இறங்கிவிடும். 1912 முதல் பாவனையில் உள்ள பார்பிட்டூரேட் மருந்தான பினோபார்பிட்டோனோ, ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதியங்களைப் பெருக்குகிறது. ஆகவே டெக்சாமெதசோன் விடியுமுன்பே பெருமளவு சிதைந்து, அடக்கும் வேலையைச் செய்யாமலே போகலாம். கோர்ட்டிசோலின் சிதைவும் இவ்வாறே மாறுகிறது என்பதை, அதன் சிதைவுப் பொருளொன்று சிறுநீரில் கூடியதை வைத்து 1965இலேயே ஆய்வாளர்கள் காட்டினர்.

இதனால்தான் இத்தகைய வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு, டெக்சாமெதசோன் கொடுக்காமலே, நள்ளிரவை ஒட்டிய நேரத்து உமிழ்நீரிலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ கோர்ட்டிசோலை அளப்பது பரிந்துரைக்கப்படுகிறது. உமிழ்நீரை லயத்து வீட்டிலேயே சேகரிக்கலாம் என்பது தூரத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குச் சிறிய வசதியல்ல.

அதற்காக நோயே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு சென்றிமீற்றரைவிட அகன்ற ஊதாக் கோடுகளும், குந்தியிருந்து எழவோ மலை ஏறவோ முடியாதபடி தொடை பலமிழப்பதும் முக்கியமான அடையாளங்கள். கவ்வாத்துக் குச்சி கீறிய காயங்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அடிபடாமலே தோல் கன்றுகிறதா என்று பாருங்கள்.

இவற்றைவிட முதலில் கேட்க வேண்டியது வேறொன்று. குஷிங் தோற்றத்துக்கு மிகப் பொதுவான காரணம் வெளியிலிருந்து உடலுக்குள் போகும் ஸ்டீராய்டுதான். மூட்டு வலிக்கும் மூச்சிழுப்புக்கும் பெயர் தெரியாமல் வாங்கிய குளிசை, தூள், தோலுக்குப் பூசும் களிம்பு எல்லாவற்றையும் கிளினிக் கொப்பியுடன் எடுத்துச்சென்று, அகஞ்சுரக்கும் சுரப்பி நோய் நிபுணரிடம் காட்டுங்கள். அவற்றில் ஸ்டீராய்டு இருந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நெடுநாள் எடுத்ததால் கோர்ட்டிசோலைச் சுரக்கும் அதிரீனல் சுரப்பி ஓய்ந்திருக்கலாம், அளவை வைத்தியரே படிப்படியாகக் குறைப்பார்.