திட்டமிட்ட வீட்டுப் பிரசவம் பாதுகாப்பானது என்று ஆய்வுகள் நிரூபித்துவிட்டனவா?

இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் நடந்த பெரிய ஆய்வுகளைக் காட்டி, வீட்டிலேயே பிள்ளை பெறுவது மருத்துவமனைப் பிரசவத்துக்கு இணையான பாதுகாப்பு உடையது என்று பலர் எழுதுகிறார்களே, அது உண்மையா என்பது கேள்வி. அந்த ஆய்வுகள் நடந்தது உண்மை. அவை தரமானவை என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவை ஆராய்ந்தது "வீடு" என்ற இடத்தை மட்டுமல்ல. சிக்கல் வரும் வாய்ப்பு குறைவு என்று கர்ப்ப காலம் முழுவதும் சோதித்து உறுதி செய்யப்பட்ட ஒரு பெண், முறையாகப் பயின்று பதிவு பெற்ற மருத்துவச்சிகளின் கவனிப்பில், தேவை வந்தால் உடனே மருத்துவமனைக்கு மாற்றும் ஏற்பாட்டோடு வீட்டில் பிரசவிக்கத் திட்டமிட்டால் என்ன நேர்கிறது என்பதையே அவை ஆராய்ந்தன. இந்த நிபந்தனைகளில் ஒன்றை எடுத்துவிட்டாலும் அந்த எண்களை மேற்கோள் காட்டும் உரிமை நமக்கு இல்லை.

நான் இங்கிலாந்தில் வசிக்கிறேன். என் தலைப்பிரசவத்தின்போது எங்கே பிள்ளை பெற விரும்புகிறாய் என்று என்னிடமே கேட்டார்கள். அதனால்தான் இந்த ஆய்வுகளை உட்கார்ந்து படித்தேன். முதலில் படித்தது, 'பர்த்பிளேஸ்' என்று அறியப்படும், 2011 நவம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு. 2008 முதல் 2010 வரை இங்கிலாந்தில் பிரசவித்த, சிக்கல் வாய்ப்புக் குறைந்த 64,538 பெண்களை அது பின்தொடர்ந்தது. அவர்களில் ஏறத்தாழ 17,000 பேர் வீட்டில் பிரசவிக்கத் திட்டமிட்டவர்கள். இத்தகைய பெண்களிடம் குழந்தை இறப்பு மிக அரிது என்பதால், இறப்பை மட்டும் எண்ணாமல், மூச்சுத் திணறலால் மூளை பாதிக்கப்படுதல், கருப்பைக்குள் கழித்த மலத்தைக் குழந்தை மூச்சில் இழுத்துவிடுதல், தோள் நரம்பு பாதிப்பு, எலும்பு முறிவு ஆகியவற்றையும் சேர்த்து ஒரே அளவாக எடுத்துக்கொண்டார்கள். பதிவான 250 பாதிப்புகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு மூளை பாதிப்பும் மலத்தை மூச்சில் இழுத்ததும்தான். ஆகவே இந்த எண்களை இறப்பு விகிதம் என்று படித்துவிடக் கூடாது.

முடிவு இரண்டாகப் பிரிந்தது. ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களிடம், வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே குழந்தையின் நலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தலைப்பிரசவத்திலோ, மருத்துவர்கள் உள்ள மகப்பேற்றுப் பிரிவில் ஆயிரத்துக்கு 5.3 ஆக இருந்த பாதிப்பு, வீட்டில் பிரசவிக்கத் திட்டமிட்டவர்களிடம் 9.3 ஆக இருந்தது. இதற்குள் இன்னொரு நுணுக்கமும் உண்டு. வலி தொடங்கிச் சேரும்போதே ஏதேனும் சிக்கல் தென்பட்டவர்கள் மருத்துவமனைக் குழுவில் ஏறத்தாழ 20 விழுக்காடு. வீட்டுக் குழுவில் 5 விழுக்காடுதான். அதாவது மருத்துவமனைக் குழுவுக்கே சுமை கூடுதல். அத்தகையவர்களை இரு பக்கமும் விலக்கிவிட்டுக் கணக்கிட்டபோது, தலைப்பிரசவத்தில் அந்த இடைவெளி சுருங்கவில்லை, இன்னும் விரிந்தது. வீட்டுப் பிரசவத்தை ஆதரிப்போர் இந்த வரியை மேற்கோள் காட்டி நான் பார்த்ததே இல்லை. அவ்வாறே, வீட்டைத் தேர்ந்தவர்களில் சிசேரியன் செய்யப்பட்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு, மருத்துவமனைக் குழுவில் பதினொரு பேர் என்பதை எதிர்ப்போர் சொல்வதில்லை.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்த எண் இவற்றில் எதுவும் இல்லை. வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் 45 விழுக்காட்டினரை மருத்துவமனைக்கு மாற்ற நேர்ந்தது. மறுபிரசவத்தில் அது 12 விழுக்காடு. பிரசவம் எங்கே முடிந்தது என்று பாராமல் எங்கே திட்டமிடப்பட்டது என்று பார்த்துக் கணக்கிட்டதால்தான், ஆம்புலன்ஸில் போய் மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு நேர்ந்ததும் வீட்டுக் கணக்கிலேயே சேர்கிறது. இந்த ஒழுங்கு இல்லாத புள்ளிவிவரம் எதுவாயினும், வீட்டில் நல்லபடியாக முடிந்தவற்றை மட்டும் எண்ணி நம்மை ஏமாற்றிவிடும்.

இந்த மாற்றும் ஏற்பாடு எத்தகையது என்பதை என் மருத்துவச்சி வீட்டைப் பார்க்க வந்த அன்று புரிந்துகொண்டேன். அவர் என் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன், மாடிப்படியின் வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்று கையால் அளந்து பார்த்தார். ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், இரவில் வாசல் விளக்கு எரியுமா, குழந்தை மூச்சு விடாவிட்டால் கிடத்திக் காற்றூட்டச் சமதளமான மேசை எது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். குழந்தை வெளிவரும் நேரத்தில் இரண்டு மருத்துவச்சிகள் இருப்பார்கள் என்றும், ஒருவர் தாய்க்கு, மற்றவர் குழந்தைக்கு என்றும் விளக்கினார். நஞ்சுக்கொடி வெளிவந்த பின் ரத்தம் நிற்காவிட்டால் போட வேண்டிய ஊசி, உறிஞ்சும் கருவி, ஆக்சிஜன் எல்லாம் அவர்களுடன் வரும். கடைசியில் நான் வீட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. மருத்துவமனை வளாகத்திலேயே மருத்துவச்சிகள் நடத்தும் பிரிவில் பிரசவித்தேன். இடுப்பு வலியின் நடுவே ஆம்புலன்ஸ் ஏறும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி என்பது எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

நெதர்லாந்தில் 2009இல் வெளியான, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட ஆய்வு, வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே குழந்தை இறப்பில் வேறுபாடு காணவில்லை. அங்கே மருத்துவச்சி முறை பல தலைமுறைகளாக மருத்துவமனைகளோடு பிணைந்தே இயங்குகிறது. அமெரிக்காவின் கதை வேறு. ஓரிகன் மாநிலம் 2012 முதல், பிரசவம் எங்கே திட்டமிடப்பட்டது என்ற கேள்வியையும் பிறப்புப் பதிவில் சேர்த்தது. அந்தப் பதிவுகளைக் கொண்டு 2015இல் வெளியான ஆய்வில், மருத்துவமனையில் பிரசவிக்கத் திட்டமிட்டவர்களிடம் ஆயிரத்துக்கு 1.8 ஆக இருந்த குழந்தை இறப்பு, வீட்டிலோ பிரசவ மையத்திலோ திட்டமிட்டவர்களிடம் 3.9 ஆக இருந்தது. சிசேரியன் விகிதமோ மருத்துவமனையில் 24.7 விழுக்காடு, வெளியே 5.3 விழுக்காடு. மருத்துவச்சிகளின் பயிற்சியும் உரிமமும் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதும், மருத்துவமனைகளோடு அவர்களுக்குப் பிணைப்பு குறைவாக இருப்பதும் இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எனக்கும் அது ஏற்புடையதாகவே தெரிகிறது.

குலுக்கல் முறையில் பெண்களைப் பிரித்து ஒப்பிட்டால் தீர்ந்துவிடாதா என்று சிலர் கேட்கலாம். அப்படி நடந்ததாக, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு கண்டெடுத்த ஆய்வில் இருந்தவர்கள் 11 பெண்கள். எங்கே பிள்ளை பெறுவது என்பதைச் சீட்டுக் குலுக்கலுக்கு விட எவர்தாம் சம்மதிப்பார்கள்?

இனி நம் ஊர். 2018இல் திருப்பூரில், பயிற்சி பெற்றவர் எவரும் உடனில்லாமல் வீட்டில் நடந்த பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டு ஒரு தாய் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகும், யூடியூபிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் வீட்டுப் பிரசவத்தைப் பரப்புவோர் இதே இங்கிலாந்து ஆய்வைத் துணைக்கு அழைக்கிறார்கள். தடுப்பூசியும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம், கணவர் உடனிருந்தால் போதும் என்று சொல்பவர்களுக்கு அந்த ஆய்வில் ஒரு வரிகூட ஆதரவு இல்லை. பதிவு பெற்ற மருத்துவச்சி வீட்டுக்கு வந்து பிரசவம் பார்த்து, தேவைப்பட்டால் தானே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொது ஏற்பாடு தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே அந்த எண்கள் இங்கே பொருந்தா.

ஆனால் பெண்களை வீட்டுப் பிரசவத்தின் பக்கம் தள்ளும் மனக்குறையை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தேவையில்லாமல் கத்தி வைத்துவிடுவார்களோ என்று ஒரு பெண் அஞ்சினால் அதில் நியாயம் இருக்கிறது. அந்த அச்சத்துக்குப் பதில் பர்த்பிளேஸ் ஆய்விலேயே கிடைக்கிறது: மருத்துவச்சிகள் நடத்தும் பிரிவுகளில் தலைப்பிரசவத்திலும் குழந்தைக்கான பாதிப்பு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை, சிசேரியனும் ஆயுதப் பிரசவமும் குறைந்தன. 2014இல், இங்கிலாந்தில் சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு, சிக்கல் வாய்ப்புக் குறைந்த பெண்களுக்கு இத்தகைய பிரிவுகளைப் பரிந்துரைத்தது. இந்தியாவிலும் 2018 டிசம்பரில் நடுவண் அரசு மருத்துவச்சிச் சேவைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டு, செவிலியர்களுக்கு 18 மாதச் சிறப்புப் பயிற்சியையும் மருத்துவமனைக்குள் தனிப் பிரிவுகளையும் அறிவித்தது. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் அப்படி ஒரு பிரிவு தொடங்கப்பட்டிருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். இல்லையென்றால், எப்போது தொடங்குவார்கள் என்று மனுக் கொடுத்துக் கேளுங்கள்.