மலேரியாவும் மரபணுவும்: கேள்வி பதில்

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, சூரத்தில் வேலை பார்க்கிற மகனுக்குப் போன வருசம் வைவாக்ஸ் மலேரியா வந்தது. இப்போ ஊருக்கு வந்த இடத்தில் மறுபடியும். நம்ம ஊர்க் கொசுவா?

கொசு கடித்துத்தான் வரவேண்டும் என்றில்லை. வைவாக்ஸ் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் தூங்கிக் கிடந்து எழும்பும். அன்றைய கிருமியும் இன்றையதும் மரபணுவில் ஒன்றாக இருந்தால், பழசுதான் எழும்பியிருக்கிறது என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். வேறாக இருந்தால்தான் சிக்கல். ஒரே கடியில் பல வகைக் கிருமி உள்ளே போயிருக்கலாம், அன்று தூங்கியது இன்று எழும்பியிருக்கலாம்.

தூங்குவதைக் கொல்லத்தான் பிரைமாகுயின் மாத்திரை, 14 நாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஆனால் ஆரம்பிக்கும் முன் ஜி6பிடி பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அந்த நொதி குறைவாக இருந்தால் இதே மாத்திரை சிவப்பணுக்களை உடைக்கும். அதற்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களுக்கே குறைபாடு அதிகம். சிறுநீர் கருத்துப் போனால் ஒரு வேளை கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வள்ளியூர்: டெங்குவுக்கும் இந்த மாத்திரைதானா?

இல்லை. அது வைரஸ், பரப்புவது ஏடிஸ் கொசு.

மேலப்பாளையம்: காய்ச்சல் விட்டபிறகும் மாத்திரை வேண்டுமா?

மேலே சொல்லியிருக்கிறேன். 14 நாள்.

பாளையங்கோட்டை: ஜீனை மாற்றிக் கொசு இனத்தையே ஒழித்தால் என்ன?

ஜீன் டிரைவ் என்பது அதுதான். சாதாரணமாகப் பாதிப் பிள்ளைகளுக்குப் போகும் ஜீன், இதில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் போகும். 2018-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் ஆய்வகக் கூண்டில் வைத்து, மலேரியா பரப்பும் ஆப்பிரிக்க அனோபிலஸ் காம்பியே கொசுவில் டபுள்செக்ஸ் என்ற ஜீனைக் குறிவைத்தார்கள். பெண் கொசு மலடானது. 7 முதல் 11 தலைமுறைக்குள் கூண்டே காலி.

திசையன்விளை: ஓர் உயிரை அடியோடு அழிக்க நாம் யார்? மீனும் தவளையும் எதைத் தின்னும்?

பாளையங்கோட்டை: பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் அதைக் கேளுங்க.

ரெண்டு பேரும் பொறுங்கள். கொசுவில் ஆயிரக்கணக்கான இனம் உண்டு, ஒன்று போனால் தவளை பட்டினி கிடக்காது. ஆனால் வெளியே விட்டால் திரும்பக் கூப்பிட முடியாது, அந்தப் பயம் நியாயமானது. மலேரியாவில் சாகிறவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். விடலாமா கூடாதா என்று அந்த ஊர்க்காரர்கள்தான் முடிவு செய்யவேண்டும் என்பேன்.

திசையன்விளை: நம்ம ஊரில் விட்டால்?

காம்பியே இங்கே இல்லை. நம் டவுன்களில் மலேரியா பரப்புவது ஸ்டெபென்ஸி என்ற இன்னொரு அனோபிலஸ், கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் முட்டையிடும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். புழு தண்ணீர்ப் பரப்போடு ஒட்டிப் படுத்துக் கிடந்தால் அனோபிலஸ். தலைகீழாகத் தொங்கினால் வேறு கொசு. எதுவானாலும் தொட்டியைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவி, மூடியை இறுக்கிப் போடுங்கள்.