மகள் மெம்பரேன் கம்ப்யூட்டிங் படிக்க வேண்டும் என்கிறாளா?

அன்புள்ள ஐயா,

பெயரைக் கேட்டால் மைக்ரோஸ்கோப் வாங்கித் தர வேண்டியிருக்கும் போலிருக்கிறதே என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம், ஒரு நோட்டும் பென்சிலும் போதும். இது முழுக்கக் கணக்கு.

ருமேனியக் கணிதவியலாளர் கியோர்கே பவுன் 1998இல் தொடங்கிவைத்த துறை. மெம்பரேன் என்றால் சவ்வு. உயிர்ச்செல்லில் சவ்வுக்குள் சவ்வு இருக்கிறதல்லவா, அதைப் பெட்டிக்குள் பெட்டியாக வரைந்து உள்ளே எழுத்துகளைப் போடுவார்கள். 'ஒரு க இருந்தால் இரண்டு ச ஆக்கு, ஒன்றை வெளியே அனுப்பு' என்பது போன்ற விதிகள் எல்லாப் பெட்டிகளிலும் ஒரே நேரத்தில் ஓடும். இந்தப் பொம்மைக்கு டூரிங் இயந்திரத்தின் வலிமை வந்துவிடுகிறது, அதாவது எந்தக் கம்ப்யூட்டராலும் போட முடிகிற கணக்கை இதுவும் போடும். தான் மாறாமல் விதியை ஓட்டிவிடும் வினையூக்கிகள் இரண்டு இருந்தாலே போதும் என்று 2005இல் நிரூபித்தார்கள்.

உங்கள் மகள் மனதைப் பறிகொடுத்தது செல் பிரியும் வகையில்தான் இருக்கும். ஒவ்வொரு மாறிக்கும் 'உண்மை' ஒரு செல், 'பொய்' ஒரு செல் என்று பிரிந்துகொண்டே போனால், எந்த மதிப்புகளுக்கு ஒரு தருக்க வாய்பாடு உண்மையாகும் என்ற கடினமான கேள்விக்குக்கூட விரைவில் விடை வந்துவிடும். ஆனால் 50 மாறி என்றால் ஆயிரம் லட்சம் கோடிக்கும் மேல் செல்கள் வேண்டும்! நேரத்தில் மிச்சம் பிடித்ததை இடத்தில் கொடுத்துவிடுகிறோம். சாதாரணக் கம்ப்யூட்டரை இது நாளையே வீழ்த்திவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால், அவளிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பயன் இல்லாமலும் இல்லை. ஸ்பெயினின் செவில்லா பல்கலைக்கழகக் குழு, பைரனீஸ் மலையில் வாழும் தாடிக் கழுகுகளின் எண்ணிக்கை எப்படி மாறும் என்று இதே முறையில் மாதிரி கட்டியது. நம் ஊருக்கும் தொடர்பு உண்டு. 1974இல் சென்னை ஆய்வாளர்கள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களைப் படிப்படியாக உருவாக்கும் விதிகளை ஓர் இலக்கணமாக எழுதினார்கள். அந்த வகை இலக்கணம் பிற்பாடு சவ்வுகளுக்குள்ளும் புகுந்தது.

சரி, படிப்பு. இந்தப் பெயரில் வேலை விளம்பரம் வராது, பட்டப்படிப்பும் தேட வேண்டாம். கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்த படிப்பே பொருத்தம். சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் பி.எஸ்சி. இருக்கிறது, நுழைவுத்தேர்வு தனி. அது கிடைக்காவிட்டால் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். அங்கே பலர் பாஸானால் போதும் என்று தள்ளிவிடும் ஆட்டோமேட்டா பாடம்தான் (டூரிங் இயந்திரம் போன்ற கற்பனை இயந்திரங்களைப் பற்றியது) இவளுக்கு முக்கியம். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்விலும் அது வரும். ஆராய்ச்சி பிடிக்காவிட்டால் மென்பொருள் வேலைக்குப் போக எந்தத் தடையும் இல்லை.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். 1, 4, 9, 16 என்று வர்க்க எண்கள் மட்டும் வெளிவரும்படி பெட்டிகளுக்கு விதி எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லையென்றால் எனக்குப் போன் பண்ணுங்கள், விண்ணப்பம் பற்றிப் பேசுவோம்.