லைட் வயரிலிருந்து கேத்தலுக்கு பிளக் எடுக்கலாமா?

ஹட்டன் பக்க லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்), இஸ்தோப்பு (முன் திண்ணை) லைட் வயரிலிருந்தே கரண்ட் கேத்தலுக்கு ஒரு பிளக் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 2000 வாட் கேத்தல் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். லைட் வயர் பெரும்பாலும் 1 சதுர மில்லிமீட்டர்தான், அதன் பிரேக்கர் (கரண்ட் கூடினால் தானே விழுந்து அணைக்கும் சுவிட்ச்) 6 அம்பியர். அடிக்கடி விழும். அப்புறம் யாராவது "பெரிய பிரேக்கர் போடு" என்பார்கள். போட்டால், வயர் தாங்காத அளவு கரண்ட் போனாலும் பிரேக்கர் விழாது, சுவருக்குள் வயர் கருகலாம்.

காம்பராவில் ஏற்கெனவே 13 அம்பியர் பிளக் இருந்து, அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் வந்திருந்தால், அதிலிருந்து இன்னொன்று எடுக்கலாம். சரி, எர்த் (கசியும் கரண்டை நிலத்துக்கு இறக்கும் பச்சை வயர்)? பிளக்கைக் கழற்றினால் அந்தப் பச்சை வயர் எங்கும் மாட்டாமல் சும்மா தொங்குவதைப் பழைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். மழைக்கால ஈரச் சுவருக்கு எர்த்தும் வேண்டும், கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் வேண்டும். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அது டக்கென்று விழ வேண்டும். வேலையைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள்.