உறைநிலையில் நான்கு முளையங்கள்: கொடுப்பதா, விடுவதா?

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்தவள். திருமணமாகி ஒன்பது வருடங்களின் பின், கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் சோதனைக்குழாய் முறையில் எங்களுக்கு மகள் பிறந்தாள். அப்போது உருவான முளையங்களில் (ஆரம்ப நிலைக் கருக்களில்) நான்கு இன்னும் உறைநிலையில் உள்ளன. தொடர்ந்து பணம் கட்டி வைத்திருப்பதா, அழிப்பதா, ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா என்று படிவம் அனுப்பியிருக்கிறார்கள். கத்தோலிக்கரான மாமி, அவையும் நம் பிள்ளைகளே என்கிறார். ஆராய்ச்சிக்குக் கொடுப்பது பாவமா? இதற்கிடையில், ஆராய்ச்சிக்குக் கருமுட்டை கொடுத்தால் நல்ல பணம் கிடைக்கும் என்று என் 23 வயதுத் தங்கையிடம் தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அன்புச் சகோதரிக்கு, முளையங்களைப் பற்றி விரிவாக எழுதிவிட்டுத் தங்கையைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதிகக் கவலை தருவது அந்த இரண்டு வரிகள்தான். எனினும் படிவம் கையில் இருப்பதால் அதையே முதலில் பார்ப்போம்.

உறையவைக்கப்படும் முளையம் பெரும்பாலும் ஐந்தாம் அல்லது ஆறாம் நாள் வளர்ச்சியில் இருக்கும். ஒரு மில்லிமீற்றரின் ஐந்தில் ஒரு பங்கு அளவேயான அந்த உருண்டையின் வெளிப்புறக் கலங்கள் (செல்கள்) பின்னர் நஞ்சுக்கொடியாகும். உள்ளே ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் சிறு கூட்டத்திலிருந்தே உடல் உருவாகும். அந்தக் கூட்டத்தைப் பிரித்தெடுத்து வளர்த்துத்தான், உடலின் எந்த வகைக் கலமாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களை 1998இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தொம்சன் குழுவினர் பெற்றனர். அப்படிப் பிரிக்கும்போது முளையம் அழிந்துவிடுகிறது என்பதை உங்களுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கருவுற்ற கணத்திலிருந்தே மனித உயிருக்குரிய மதிப்பு உண்டு என்பது திருச்சபையின் போதனை. மாமி அதைத்தான் சொல்கிறார், அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காத்தான்குடியில் ஒரு மௌலவியைக் கேட்டால், கருவில் உயிர் ஊதப்படுவது 120ஆம் நாளில் என்ற கருத்தை அவர் கூறக்கூடும். சைவர்களுக்கோ எல்லோருக்குமாகத் தீர்ப்புச் சொல்லும் ஒரே பீடம் கிடையாது. பிரித்தானியாவில் மேரி வோர்னொக் தலைமையிலான குழு, 14 நாட்களுக்கு மேல் முளையத்தை ஆய்வுகூடத்தில் வளர்க்கக் கூடாது என்று 1984இல் பரிந்துரைத்தது. 1990இல் அது அங்கே சட்டமானது. உடலின் அச்சைக் காட்டும் முதற்கோடு ஏறக்குறைய அந்நாட்களில்தான் தோன்றுகிறது. அதற்கு முன்னர் ஒரு முளையம் பிரிந்து இரட்டையராகவும் கூடும். ஆகவே அந்த நான்கையும் உங்கள் மகளுக்குச் சமமாக என்னால் எண்ண முடியவில்லை. பரிசோதனைக்குக் கொடுத்த இரத்தம் போல எண்ணவும் மனம் வரவில்லை. எப்படியும் அழியப்போகும் முளையத்தை, நீங்களும் கணவரும் தெரிந்து மனமொத்து ஆராய்ச்சிக்குக் கொடுப்பது பாவமல்ல என்பதே என் கருத்து.

தெரிந்து கொடுப்பது என்றால், கையெழுத்திடுமுன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். என்ன ஆராய்ச்சி, எந்த ஒழுக்கநெறிக் குழு அதை அனுமதித்தது, முளையம் நாட்டைவிட்டு வெளியே போகுமா என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். ஒரு முளையத்திலிருந்து எடுத்த கலங்கள் ஆய்வுகூடங்களில் ஆண்டுக்கணக்காகப் பெருகிக்கொண்டேயிருக்கும். உங்கள் இருவரின் மரபணுக்களும் அவற்றில் இருக்கும். அவை பல இடங்களுக்குப் பகிரப்பட்டபின் திரும்பப் பெற வழியில்லை. “ஆராய்ச்சி” என்ற ஒற்றைச் சொல்லுக்கு எதிரே ஒரு கட்டம் மட்டும் இருந்தால், அதில் அடையாளமிடாதீர்கள். இன்னொரு பிள்ளை வேண்டுமா என்பது முடிவாகாவிட்டால், இந்த வருடக் கட்டணத்தைக் கட்டிவிட்டு ஆறுதலாக யோசிப்பதில் தவறில்லை.

இனித் தங்கை. முளையத்தின் மதிப்பைப் பற்றி உலகம் பேசிய அளவுக்கு, முட்டை கொடுக்கும் பெண்ணைப் பற்றிப் பேசவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். தென்கொரியாவின் ஹ்வாங் வூ-சுக், படியாக்கம் (குளோனிங்) செய்த மனித முளையத்திலிருந்து ஸ்டெம் செல்களைப் பெற்றதாக 2004இலும் 2005இலும் அறிவித்தார். அதற்காக 100க்கு மேற்பட்ட பெண்களிடமிருந்து 2000க்கும் அதிகமான முட்டைகள் எடுக்கப்பட்டன. சிலருக்குப் பணம் கொடுக்கப்பட்டது. அவருடைய ஆய்வுகூடத்தில் வேலை செய்த இளம் பெண்களும் கொடுத்தவர்களில் அடங்குவர். அறிவிப்புப் பொய்யென்று தெரிந்து, 2006இல் கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. அந்தப் பெண்கள் பட்ட வேதனையை யாரால் மீளப்பெற முடியும்?

மாதத்தில் வழமையாக ஒரு முட்டைதான் முதிரும். பலவற்றை ஒரே நேரத்தில் முதிரச்செய்ய ஏறக்குறைய இரண்டு வாரம் தினமும் ஓமோன் ஊசி போடுவார்கள். பிறகு மயக்கம் கொடுத்து, ஸ்கேனில் பார்த்தபடி, யோனிச் சுவரினூடாக நீண்ட ஊசியைச் செலுத்தி உறிஞ்சி எடுப்பார்கள். சிலருக்குச் சூலகம் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, கடுமையானால் இரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இளம் பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம். உங்களுக்கு இதே ஊசிகளைப் போட்டபோது முடிவில் ஒரு பிள்ளை என்ற நம்பிக்கையாவது இருந்தது. தங்கைக்கு எந்த வைத்தியப் பயனும் இல்லை. மேலும் ஜப்பானின் ஷின்யா யமனக்கா 2006இல் எலியின் தோற் கலங்களையும் மறு ஆண்டு மனிதத் தோற் கலங்களையும் ஸ்டெம் செல் நிலைக்கு மாற்றிக் காட்டி, 2012இல் நோபல் பரிசு பெற்றார். முட்டையோ முளையமோ இல்லாமலே இன்று பெருமளவு ஆய்வு நடக்கிறது.

ஆகவே தங்கையைத் தடுங்கள் என்றே சொல்வேன். அவளுக்குப் பணமுடை இருந்தால் அதைத் தனியாகப் பேசித் தீர்க்கப் பாருங்கள். அவள் பிடிவாதமாக இருந்தால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பெண்நோயியல் நிபுணர் ஒருவரிடம் முதலில் கூட்டிச்சென்று கேளுங்கள். அந்தத் தெரிந்தவரிடம் பொறுப்பான வைத்தியரின் பெயரையும், ஆராய்ச்சிக்கான அனுமதிக் கடிதத்தையும், சிக்கல் வந்தால் செலவை யார் ஏற்பது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். தயங்கினாரென்றால் பேச்சை அத்துடன் நிறுத்திவிடுங்கள்.